ஹாரன் இல்லாத சூத்திரம்

இராஜபாளையத்தில் ஒரு லாரி ஹாரன் அடிக்காமல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகும் என்று நம்பிய ஒரு மனிதரிடம் நான் ஏழு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் முட்டாள் இல்லை. பேராசிரியர். சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, பக்கத்திலேயே ஒரு ஆலோசனை அலுவலகமும் வைத்திருந்தார். பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ஒரு வரி நீளத்துக்கு நிற்கும். அந்த வரியை டைப் அடிக்கும்போது தாளின் ஓரம் இடித்து மணி அடித்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வழியாகத் தென்காசிப் பக்கம் போகும் ரோட்டை அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. வெளிநாட்டுக் கடனில் போடுகிற ரோடு. கடன் கொடுக்கிறவர்கள் பல கேள்வி கேட்பார்கள். அதில் ஒன்று, ரோடு வந்தால் ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு எவ்வளவு இரைச்சல் கேட்கும் என்பது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரியான இடத்தில் இரைச்சல் ஒரு வரம்பைத் தாண்டினால் ரோடு போடுகிறவர்களே தங்கள் செலவில் உயரமாகத் தடுப்புச் சுவர் கட்டித் தர வேண்டும். இன்னும் போடாத ரோட்டின் இரைச்சலை எப்படி அளப்பது? அதற்குத்தான் சூத்திரம். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, அதில் எத்தனை கனரகம், என்ன வேகம், ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று நான்கைந்து எண்களைப் போட்டால் இத்தனை டெசிபல் என்று சொல்லிவிடும். அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, இப்போது இருக்கிற ரோட்டுக்கு முதலில் கணக்குப் போட்டு, பிறகு மீட்டர் வைத்து நேரில் அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு வேலைதான் எனக்கு.

நான் மதுரையில் இயற்பியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் பழைய பேராசிரியை ஒருவர் சொல்லி இந்த வேலை வந்தது. உள்ளூர்க்காரி, லாகரிதம் போடத் தெரியும், தங்குகிற செலவு கிடையாது. என்னிடம் அவர்கள் கண்ட தகுதிகள் இந்த வரிசையில் இல்லை; கடைசியிலிருந்து முதலுக்கு. அம்மா மட்டும், "ரோட்டுல நின்னு வண்டிச் சத்தம் கேக்கதுக்கா எம்புட்டோ பாடுபட்டு எம்.எஸ்ஸி. படிச்ச?" என்று கேட்டாள். அறிவியல் என்றால் இப்படித்தான் என்று அவளுக்கு விளக்கினேன். அப்போது எனக்கு அப்படி ஒரு மயக்கம் இருந்தது.

முதல் நாள் இராஜபாளையத்தில் லாட்ஜின் வரவேற்பு அறையில் வைத்துப் பேராசிரியர் எனக்குச் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே போனார். குளிர்நாட்டில், வழவழப்பான ரோட்டில், வரிசை பிடித்துப் போகிற கார்களைப் பார்த்துச் செய்த சூத்திரம். வேகம் என்கிற இடத்தில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்று போட்டார். நான் தினமும் பார்க்கிற ரோடு அது. முன்னால் ஒரு மாட்டு வண்டி, அதன் பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், அதன் பின்னால் இரண்டு டவுன் பஸ். அறுபதில் போக வேண்டுமென்றால் பறக்கத்தான் வேண்டும்.

"சார், மாட்டு வண்டியை எதுல சேக்கணும்?" என்று கேட்டேன்.

"அதுக்கு எஞ்சின் இல்லையேம்மா. ஜீரோ."

"அது முன்னால போறதுனாலதான் சார் பின்னாடி வர்ற அத்தனை பேரும் ஹாரன் அடிப்பாங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஹாரன் இதுல எங்க சார் வருது?" என்று இன்னொரு முறை கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். தாளின் அடியில் எங்காவது வரும் என்று நினைத்தேன்.

"ஹாரன் என்பது ஒரு பழக்கம்மா," என்றார் பொறுமையாக. "பழக்கத்தை எல்லாம் சூத்திரத்துல வைக்க முடியாது. நாளைக்கு ரோடு நல்லா ஆயிட்டா பழக்கம் தானா போயிடும்."

முப்பது வருஷம் ஆகப்போகிறது. ரோடு இரண்டு தடவை நல்லா ஆகிவிட்டது. பழக்கத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

முதல் இடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுப் பக்கம். முக்காலியில் மீட்டரை நிறுத்தி, பதினைந்து நொடிக்கு ஒரு தடவை முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். மீட்டரின் தலையில் காற்றுச் சத்தம் ஏறாமலிருக்கக் கறுப்பாக ஒரு பஞ்சு உருண்டை இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது மைக்தான். வாய்தாவுக்கு வந்த ஒருவர் தன் பங்காளி வரப்பை வெட்டிய கதையை அதற்குள் முழுதாகச் சொல்லிவிட்டு, "டெல்லிக்குப் போகும்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். பேராசிரியர் அந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நாள் வந்தார். கோர்ட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே கண்ணாடியை இறக்கி, எந்தக் கடையில் பால்கோவா நன்றாக இருக்கும் என்று கேட்டார். எங்கள் ஊரில் அவர் நேரில் ஆராய்ந்தது அது ஒன்றைத்தான். கோர்ட்டு வாசலில் சூத்திரம் சொன்னதைவிட மீட்டர் காட்டியது மிக அதிகம். "கோர்ட்டுல கூட்டம் ஜாஸ்தி, அதை விட்டுடலாம்" என்று அந்த இடத்தையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார். ஆக, மிச்சம் இருந்தது இராஜபாளையம் மட்டும்.

இராஜபாளையத்தில் அளக்க வேண்டிய இடம் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். தலைமையாசிரியைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ரோட்டைப் பார்த்த ஆறு வகுப்பறைகளையும் அவரே கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு அறையில் தமிழ் டீச்சர் செய்யுளின் ஒரு அடியைச் சொல்லி, நிறுத்தி, பஸ் போகட்டும் என்று காத்திருந்து, மறுபடி அதே அடியைச் சொன்னார். பிள்ளைகளும் பழகிப்போய் அந்த இடைவெளியில் பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார்கள்.

"ஒரு பீரியடுல பாதி இப்படித்தான் போகும். சுவர் ஒண்ணு வந்தா போதும்மா," என்றார் தலைமையாசிரியை. "நீ நல்லா அளந்து எழுது. கூட்டியும் எழுத வேண்டாம், கொறச்சும் எழுத வேண்டாம்."

சரி டீச்சர் என்றேன்.

வண்டிகளை எண்ணுவதற்கு என்னுடன் ஒருவரைப் போட்டிருந்தார்கள். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் நூற்பாலையில் நின்றவர். ஆலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர். மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது, அவருக்குக் காது பாதிக்கு மேல் போய்விட்டது என்று. ஆலைச் சத்தம் தின்ற காது. இரைச்சல் அளக்கும் வேலைக்குக் காது கேட்காதவரைப் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டைக் குறை சொல்ல முடியாது. எண்ணுவதற்குக் கண் போதும். அவர் எண்ணியது போல வேறு யாரும் எண்ணி நான் பார்த்ததில்லை. லாரிக்கு ஒரு பக்கம், பஸ்ஸுக்கு ஒரு பக்கம், டூவீலருக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் கோடு போட்டு ஐந்து ஐந்தாகக் கட்டுவார். இரண்டு லாரிக்கு நடுவில் ஒளிந்து வந்த மொபெட்டும் தப்பாது.

நான் பேசுவதை அவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தறிகெட்ட சத்தத்தில் ஆளுக்கு ஆள் எட்டி நின்று வேலை பார்க்கிற ஆலைக்காரர்களுக்கு அது தானாக வந்துவிடுமாம். ஆனால் அவர் பேசினால் தொண்டை கிழியக் கத்துவார். "தாயி! இன்னைக்கி எம்புட்டு லாரி தெரியுமா?" என்று அவர் கேட்டாலே முள் துள்ளிவிடும். நான் உதட்டில் விரலை வைத்து மீட்டரைக் காட்டுவேன். அவர் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொள்வார்.

இங்கேயும் மைக் தொல்லை. பஸ் டிரைவர்கள் எங்களை ஏதோ சோதனைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் முன்னால் வரும்போது மட்டும் மரியாதைக்கு இரண்டு தடவை கூடுதலாக அடித்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டி, பாய் ஒருவர் பேண்டேஜ் துணி மொத்த வியாபாரம் வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி. அவர் இரண்டு நாள் எங்களைப் பார்த்துவிட்டு, "அந்த மைக்க மேல என் மாடியில கொண்டுபோய் வையி தாயி. கீழ வச்சா ஊர்ல பாதிப்பேரு பாட்டுப் பாடிட்டுத்தான் போவான்," என்றார். மாடி வராண்டாவில் துணிப் பொதிகளுக்கு நடுவில், பள்ளிக்கூடச் சன்னலுக்கு நேராக, ஒருவர் கண்ணிலும் படாத இடம். அதற்குப் பிறகு கிடைத்த அளவு சுத்தமான அளவு. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. நாள் தவறாமல் எழுதினேன்.

பதினோரு நாள் முடிந்தபோது வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சூத்திரம் சொன்னதற்கும் மீட்டர் சொன்னதற்கும் நடுவில் பத்து டெசிபலுக்கு மேல் இடைவெளி. பத்து டெசிபல் என்பது பேச்சுக்குச் சின்ன எண். கேட்கிற காதுக்கு இரைச்சல் இரண்டு மடங்கானது மாதிரி இருக்கும். சூத்திரப்படி பள்ளிக்கூடத்துக்குச் சுவர் தேவையில்லை. மீட்டர்படி சுவர் நேற்றே கட்டியிருக்க வேண்டும்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக்குப் போன் போட்டேன். எண்களைச் சொன்னேன்.

"மீட்டர் தப்பா காட்டுதும்மா."

"தினமும் காலையில சரிபார்க்கிறேன் சார். மீட்டரோட வந்த, ஒரே அளவு சத்தம் போடுற அந்தக் குழலை மாட்டிப் பார்த்தா சரியா காட்டுது."

"அப்போ நீங்க படிக்கிறதுதான் தப்பு."

"சார், ஹாரன்தான் சார் காரணம். முள்ளு ஏறுறது எல்லாம் ஹாரனுக்குத்தான்."

"அப்படிச் சொல்லுங்க! ஹாரன் வரும்போது மீட்டரைப் பார்க்காதீங்க. அந்த ரீடிங்கை விட்டுடுங்க."

அதையும் ஒரு நாள் காலையில் செய்து பார்த்தேன். சொன்னதைச் செய்கிற புத்தி அப்போது எனக்கு நிறைய இருந்தது. ஹாரன் வந்தால் அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிடுவது. ஒரு மணி நேரத்துக்கு இருநூற்று நாற்பது கட்டம். மணி முடிந்து பார்த்தால் பக்கம் முழுக்கக் கோடு. எண் எழுதிய கட்டங்களை விரல் விட்டு எண்ணலாம். அதிலும் இரண்டு கட்டம் அண்ணாச்சி தும்மியது. ஹாரனைத் தவிர்த்துவிட்டு அந்த ரோட்டை அளப்பது, தண்ணீரைத் தவிர்த்துவிட்டுக் கண்மாயை அளப்பது. மதியத்துக்கு மேல் பழையபடியே எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு முழு அடைப்பு வந்தது. எதற்காக என்பது நினைவில் இல்லை. அந்த வருஷங்களில் அடிக்கடி வரும். முந்தின நாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்களை எல்லாம் டெப்போவில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். பேராசிரியரோ எந்தக் காரணத்துக்கும் ஒரு நாளும் விடக் கூடாது, விட்டால் தொடர்ச்சி போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நல்லவேளை, செங்கோட்டைப் பாசஞ்சர் ஓடியது. மீட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போய் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்தேன். கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை. பாய் மட்டும் வீட்டுப் பின்வாசல் வழியாக எங்களை மாடிக்கு அனுப்பினார். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.

ரோட்டில் சைக்கிள்கள் போயின. ஒரு பால் வேன். போலீஸ் ஜீப் ஒன்று போய், செத்த நேரம் கழித்து அதே ஜீப் திரும்பி வந்தது. டூவீலர்கள் கொஞ்சம். யாரோ கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கறுப்புக் கொடி கட்டிய ஒரு காரில் பயந்து பயந்து போனார்கள். அண்ணாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்து வைத்தபடி, லாரிப் பக்கத்திலும் பஸ் பக்கத்திலும் போட ஒரு கோடும் இல்லாமல் தவித்தார்.

"என்ன தாயி, சம்பளத்துக்குத் துரோகம் பண்ணுத மாதிரி இருக்கு," என்று கத்தினார்.

அன்று சாயங்காலம் கணக்குப் போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூத்திரம், வழக்கமான நாளில் அந்த ரோட்டில் எவ்வளவு இரைச்சல் இருக்கும் என்று சொன்னதோ, ஒரு பஸ்ஸும் லாரியும் ஓடாத அன்றைக்கு மீட்டர் அதையே காட்டியிருந்தது. ஒரு டெசிபல் கூடக் குறைச்சல் இல்லை. சூத்திரம் பலித்த ஒரே நாள் ரோடு செத்துக் கிடந்த நாள். படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மழை, ஊர்வலம் மாதிரி ஏதாவது இருந்தால் எழுதுவதற்கு. அதில் 'முழு அடைப்பு, வண்டிகள் ஓடவில்லை' என்று எழுதி, மற்ற தாள்களோடு சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினேன். இதைப் பார்த்தாலாவது அந்த மனிதருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன்.

புத்தி வந்தது. வேறு விதமாக.

ஒரு மாதம் கழித்து என்னைச் சென்னைக்கு வரச் சொல்லி அறிக்கையின் அட்டவணைகளை நகலெடுக்கச் சொன்னார்கள். அவருடைய கையெழுத்தில் இருந்ததைப் பார்த்து எழுத வேண்டும். இராஜபாளையம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. பதினைந்து நாளுக்கு மேல் எழுதிய தாளில் ஒரே ஒரு நாள். வண்டிகள் என்ற இடத்தில் அண்ணாச்சி ஒரு வியாழக்கிழமை எண்ணிய முழு எண்ணிக்கை. அதை வைத்துச் சூத்திரம் தந்த இரைச்சல் அடுத்த கட்டம். அதற்கடுத்து 'அளந்தது' என்ற கட்டத்தில், தேதியோடு, முழு அடைப்பு நாளின் எண். இரண்டும் அச்சு மாறாமல் ஒத்துப்போயின. குறிப்புக் கட்டமே இல்லை.

நான் தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"சார், இந்த வண்டிக் கணக்கு ஒரு நாள், இந்த ரீடிங் வேற நாள்."

"ரெண்டும் நம்ம டேட்டாதானேம்மா?"

"அன்னைக்கு பந்த் சார். குறிப்புல எழுதியிருந்தேனே."

"அதனாலதான் அது நல்ல நாள். தொந்தரவு எதுவும் இல்லாத நாள். மத்த நாளெல்லாம் அப்நார்மல்." பிறகு கனிவாகச் சேர்த்தார்: "உங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நல்லா எழுதித் தரேன். லெக்சரர் வேலைக்குப் போடணும்னு சொன்னீங்களே?"

நான் போய் உட்கார்ந்து நகலெடுத்தேன். என் கையெழுத்தும் நன்றாகத்தான் இருக்கும்.

மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் நடந்தது. மக்கள் அதிகம் வரவில்லை. நாற்காலி நிறையட்டும் என்று வேலை பார்த்த எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தலைமையாசிரியை முன் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. ரோட்டோரக் கட்டடம், சன்னல்கள் திறந்து கிடந்தன. மேலே மின்விசிறி கடகடத்தது. மைக் கீச்சிட்டது. பேராசிரியர் சுவரில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். இரைச்சலைப் பற்றி அவர் பேசியதில் பாதி இரைச்சலில் கேட்கவில்லை; அவருக்கு அது உறைத்ததாகவும் தெரியவில்லை. அந்த அறையில் அவர் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் பிடித்தது ஒரே ஒருவர்தான். அவருக்குக் காது தேவைப்படவில்லை.

தலைமையாசிரியை எழுந்து, "எங்க ஸ்கூலுக்குச் சுவர் உண்டா இல்லையா?" என்று கேட்டார்.

"தேவையில்லை மேடம். வரம்புக்குள்ளதான் இருக்கு. சூத்திரத்துல வந்ததும் நேர்ல அளந்ததும் ஒண்ணா இருக்கு. நீங்களே பாருங்க," என்று கையில் கொடுத்திருந்த சைக்ளோஸ்டைல் தாளைக் காட்டினார்.

பின்னாலிருந்து ஒரு பெரிய குரல் கிளம்பியது. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஐயா! இந்தத் தேதியில பந்துல்லா?"

அண்ணாச்சி தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கி ஒரு பஸ்ஸு ஓடலையே! நாந்தானய்யா எண்ணுனேன். நோட்டுல அரைப் பக்கம்கூட ரொம்பல. இங்க என்னமோ இம்புட்டு லாரின்னு போட்டிருக்கு. இது வேற கெழமை எண்ணுனது. அதுவும் நான்தான் எண்ணுனேன்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். மேடையில் இருந்த அதிகாரி பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் தாளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதை நான் இன்றும் வியப்போடு நினைக்கிறேன்.

"தேதி டைப்பிங் மிஸ்டேக் சார்," என்றார்.

"ஓ, டைப்பிங் மிஸ்டேக்கா?"

"ஆமா சார். ரீடிங் எடுத்தது இந்தப் பொண்ணுதான். இந்த ஊர்ப் பொண்ணு. கேட்டுக்குங்க."

அதிகாரி என்னைப் பார்த்து, "என்னம்மா, தேதி தப்புதானே?" என்றார்.

என் முன்னால் தலைமையாசிரியை திரும்பி உட்கார்ந்திருந்தார். தேதி சரி, மற்றதெல்லாம் தப்பு என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நான்கு வார்த்தை. நான் எழுந்து நின்று, "பார்க்கணும் சார்," என்றேன்.

"பார்த்துத் திருத்திக் கொடுத்துடுங்க," என்று அதிகாரி அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். தலைமையாசிரியை மெதுவாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணாச்சி உட்காரவில்லை. எல்லோருடைய உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, தனக்கு யாராவது பதில் சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

வெளியே வந்ததும் என்னிடம், "நீ ஏந்தாயி சொல்லல?" என்று கேட்டார். அவரால் மெதுவாகக் கேட்க முடியாது. வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

இறுதி அறிக்கையில் தேதியைத் திருத்தினார்கள். ஒரு நாள் தள்ளிப் போட்டார்கள். அவ்வளவுதான். கூட்டக் குறிப்பில், பொதுமக்கள் ஆர்வத்தோடு பங்கேற்றுத் தேதிப் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டியதாகவும், அது நன்றியோடு ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவும் எழுதியிருந்தார்கள். ரோடு அகலமானது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சுவருக்குப் பதிலாக இரைச்சலை உறிஞ்சும் மரங்கள் என்று சொல்லி இருபது கன்றுகளை நட்டுக் கூண்டு வைத்தார்கள். முழங்கால் உயரம். அவை எந்த இரைச்சலை உறிஞ்சும் என்று தெரிவதற்குள் ஆடுகள் மென்றுவிட்டன. கூண்டுகளை யாரோ எடைக்குப் போட்டார்கள். பேராசிரியர் இராஜபாளையத்தை வைத்துக் கட்டுரை ஒன்று எழுதி, அந்தச் சூத்திரம் இந்தியச் சாலைகளுக்கும் சிறப்பாகப் பொருந்துவதாக ஒரு கருத்தரங்கில் வாசித்தார். கடைசியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். சர்டிபிகேட்டும் சொன்னபடி நன்றாகவே எழுதிக் கொடுத்தார். 'நேர்மையும் துல்லியமும் உடையவர்' என்ற அந்த வரியைக் காட்டித்தான் எனக்கு மதுரையில் கல்லூரி வேலை கிடைத்தது. அவரைப் பற்றி இவ்வளவு ஏளனமாக எழுதுகிறவளுக்கு இதையும் எழுத வேண்டிய கடமை இருக்கிறது.

நான்கைந்து வருஷம் கழித்து, இராஜபாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். நுழைய வேண்டாம் என்று இரண்டு தடவை வாசலைத் தாண்டிப் போய்விட்டுத்தான் நுழைந்தேன். தலைமையாசிரியை ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. ரோட்டைப் பார்த்த ஆறு அறைகளையும் காலி செய்து, உடைந்த பெஞ்சுகளையும் தையல் மெஷின்களையும் அங்கே போட்டுவிட்டு, பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இறக்கி வகுப்புகளை அங்கே மாற்றியிருந்தார். வெயிலில் கூரை கொதித்தது. ஆனால் டீச்சர் பேசுவது கேட்டது.

"டீச்சர், அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். தேதியப் பாக்கணும்ன," என்றார். குரலில் கோபமில்லை. "நீ அன்னைக்கி உள்ளதச் சொல்லியிருந்தா சுவரு வந்திருக்கும்னு நான் நெனைக்கல. அவிய வேற ஏதாவது ஒரு மிஸ்டேக்க கண்டுபிடிச்சிருப்பாக. ஆனா சொல்லியிருக்கலாம்மா. அந்த மனுசன் ஒத்தையில நின்னாரு."

அண்ணாச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மகளோடு திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார். வேறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

கிளம்பலாம் என்று எழுந்தேன். அவர் மேசையில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எட்டாம் கிளாஸுக்கு சயின்ஸ் டீச்சர் லீவு. சும்மாதான வந்திருக்க, ஒரு பீரியட் எடுத்துட்டுப் போ."

போனேன். தாவரங்களின் இனப்பெருக்கம். பட்டுச் சேலையும் கனகாம்பரமுமாக நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பாடத்தில் பாதி மறந்து போயிருந்தது. புத்தகத்தைப் பார்த்தே வாசித்தேன். முன் பெஞ்சில் இருந்த ஒருத்தி, நான் சூலகத்தையும் சூல்முடியையும் மாற்றிச் சொன்னதைக் கை தூக்கித் திருத்தினாள். ஆமாம், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் அழித்து எழுதினேன்.